கிடாயின் சம்மதம்

அத்தியாயம் 11

ஜெயந்தினியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து ஓர் இரவுதான் ஆகியிருந்தது. அதற்குள் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், அந்த லயத்து அறையின் நான்கு சுவர்களும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டன. விடிவதற்கு முன்பே எழுந்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே ஏறி ஓடினாள். வருகிற சனிக்கிழமை கொழும்பில் கிக்பொக்சிங் சண்டை. ஐம்பத்திரண்டு கிலோவுக்குள் நிற்க வேண்டும். மேலதிகமாக ஒரு கிலோ சொச்சம் இன்னும் உடம்பில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏறுவதில் அவளுக்குச் சிரமமில்லை. இறங்குவதுதான் சிரமம்.

மலைப்பாதையின் கற்படிகள் கீழ்நோக்கிப் போகும் இடத்தில் ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. ஒன்று நிஜம், மற்றது அதன்மேல் கொஞ்சம் விலகிக் கிடக்கும் நிழல் மாதிரி. தலையை நன்றாகக் குனிந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படிக் குனிந்து குனிந்தே இறங்கப் பழகியிருந்தாள். பார்ப்பவர்களுக்கு அது அடக்கமான பெண்ணின் நடையாகத் தெரிந்திருக்கும்.

மார்கழியில் நடந்த சண்டையில் அவளுடைய இடது கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்ததையும், கண்டியில் ஒப்பரேஷன் செய்ததையும், அந்த வார்டில் அம்மா ஜீவராணி தரையில் படுத்துக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். கண் முழுதாகத் தேறிவிட்டது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். கோச் சமிந்தவும் நம்பினார். சனிக்கிழமைச் சண்டைக்கான மருத்துவச் சோதனையில், கண்ணால் மட்டும் தொடரச் சொல்லி டொக்டர் பேனாவைக் கீழே இறக்கியபோது ஜெயந்தினி தாடையையும் சேர்த்து இறக்கித் தப்பித்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது லயத்தின் பின்பக்கம் அம்மா நின்றிருந்தாள். கறுப்புக் கிடாய் ஒன்றைக் குளிப்பாட்டித் துடைத்து, கழுத்தில் மாலை கட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று இரவு அதைப் பார்த்தபோது, விற்பதற்கு வளர்க்கிறாள் என்றுதான் ஜெயந்தினி நினைத்தாள். விற்கிற ஆட்டுக்கு யாரும் மாலை கட்டுவதில்லை.

"இது என்னாம்மா?"

"உள்ள வா. ரொட்டி ஆறுது" என்றாள் ஜீவராணி.

குசினியில் அப்பா இராமையா அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் குந்தியிருந்தார். இரவுக் காவல் முடிந்து வந்த கையோடு சால்வையைக்கூடக் கழற்றவில்லை. தட்டில் தேங்காய் ரொட்டியும் சிவக்கச் சிவக்கச் சம்பலும்.

ஜெயந்தினி சம்பலை மோந்து பார்த்தாள். "மாசி போட்டிருக்கீங்களா?"

"கொஞ்சூண்டு."

"மாசி மீனும்மா."

"மீனா அது? கட்ட மாதிரி காஞ்சு கெடக்கு. வாசத்துக்குப் போடுறது."

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"மீன் வேணாம்ன, சரின்னேன். முட்ட வேணாம்ன, சரின்னேன். பால் வேணாம்ன, அதையும் சரின்னேன். மாசிய யாருடி கணக்குல சேத்தா?"

இராமையா சிரித்தார். "அது என்னாத்தா பேரு, வீகனா? புது வேதமா அது? ஞாயித்துக்கெழமை கூட்டமெல்லாம் உண்டா?"

"அப்பா."

"இல்ல, கேக்குறேன். ஊரான் மக மூஞ்சிய ஒடைக்கலாம். ஒரு முட்டைய ஒடைக்கப்படாதாக்கும்."

"நான் வர்றது முட்டைக்குத் தெரியாதுப்பா" என்றாள் ஜெயந்தினி. "எங்கூட மோதுறவளுக்குத் தெரியும். அவளும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்து நிக்கிறா. அவளுக்கும் என்னைய அடிக்கலாம்."

இந்தப் பதிலை அவள் பத்திரிகைக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். உண்மையில் அது பின்னால் தேடிக் கண்டுபிடித்த காரணம். மூன்று வருடத்துக்கு முன், முதல் வெற்றியன்று, விழுந்த பெண்ணின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, வார்த்தையும் இல்லை. அன்றிரவு வாங்கிக் கொடுத்த கோழிப் பொரியலை அவளால் விழுங்க முடியவில்லை. அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு பருப்பும் கௌபிப் பயறும் சோயாவும் தேங்காய்ப்பாலுமாகத் தின்று, முன்னைவிட வேகமாக உதைக்கப் பழகிக்கொண்டாள். சண்டையை மட்டும் ஏன் விடவில்லை என்று யாராவது கேட்டால் அவளிடம் பதில் இல்லை. நல்லவேளையாக யாரும் அப்படிக் கேட்கவில்லை.

ஜீவராணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முனிக்கு விடுற கெடாவும் சம்மதம் சொன்னாத்தான் வெட்டுவாங்க. தண்ணி தெளிச்சா அது உடம்பச் சிலுப்பணும். சிலுப்பாட்டி வெட்ட மாட்டாங்க."

ஜெயந்தினியின் கை ரொட்டியில் நின்றது.

"யாரு நேர்த்தி?"

"நான்தான். ஒன் கண்ணுக்கு."

"அம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ மயங்கிக் கெடந்த. யார்கிட்ட கேக்குறது?" ஜீவராணி திரும்பினாள். "கண்ணு நல்லபடியா வந்தா கெடா வெட்டுறேன்னு சொன்னேன். வந்துருச்சு. சனிக்கெழமைக்கு முன்ன அத முடிச்சாகணும், இன்னைக்கே முனிகிட்ட வச்சிருக்கேன். நீ திங்க வேணாம். ஒரு துண்டு வாயில வைக்கச் சொல்ல மாட்டேன். வந்து நின்னா போதும்."

"எனக்குத் தலக்கறி" என்றார் இராமையா.

ஜெயந்தினி தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள்.

*

ஜீவராணி சம்பலை வேறாக, மாசி இல்லாமல், இடிக்க ஆரம்பித்தாள்.

மகள் ஜெயிக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் நேர்ந்ததில்லை. அது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மார்கழிச் சண்டையைப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஷாமிலாவின் போனில் பார்த்தாள். கையளவு திரைக்குள் மகளின் முகம் ஒரு பக்கமாக வீங்கிக்கொண்டே போனது. அப்போதும் அவள் கேட்டது ஒன்றுதான்: எழும்பாமல் கிட. எழும்பாதே ஆத்தா, அப்படியே கிட.

ஜெயந்தினி எழும்பினாள். எழும்பியதால்தான் அடுத்த அடி விழுந்தது.

கண்டி வார்டில் மீன் சூப் கொண்டுபோனாள். கட்டுப்போட்ட முகத்தோடு மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். எலும்பு உடைந்து கிடக்கிறபோதுகூட அம்மாவின் கையால் வாங்கமாட்டாளா என்று ஜீவராணிக்கு உள்ளே எரிந்தது. தான் இருபத்தாறு வருடமாகச் சமைத்ததையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளிவிட்டது போலிருந்தது. மகள் ஒப்பரேஷன் மயக்கத்தில் கிடக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நேர்ந்தபோது கண்ணைத்தான் கேட்டாள். கண்ணைக் கேட்ட அதே மூச்சில், இந்தப் பிள்ளைக்கு இனிமேல் பயம் வரட்டும் என்றும் கேட்டாள். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சாமிக்குக் கேட்டிருக்காது.

கிடாயை அவளுடைய தங்கச்சி உடப்புசல்லாவையிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜீவராணி தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஒரு கட்டுப் புல்லையும் சேர்த்துத் தினமும் சுமந்து வந்து வளர்த்தாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

வெளியே பீலிக்கரையில் ஷாமிலாவின் குரல் கேட்டது.

"ஜெயா, காத்த எதுக்குடி அடிக்கிற? அது என்னா பாவம் பண்ணிச்சு? வந்து ஒரு தேங்காயத் திருவு, புண்ணியமாப் போகும்."

ஜீவராணி எட்டிப் பார்த்தாள். மகள் பீலித் தண்ணீர் விழும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று வெறுங்காற்றில் குத்திக்கொண்டிருந்தாள். குத்து, விலகல், குத்து, உதை. நிறுத்தத் தெரியாத மாதிரி.

*

ஜெயந்தினி உண்மையில் குத்திக்கொண்டிருந்தது ஒரு வாக்கியத்தை.

கண்ணு இன்னும் சரியாகலம்மா.

இவ்வளவுதான். நேர்த்தி கண் தேறியதற்கு. தேறவில்லை என்றால் நேர்த்தி இல்லை. கிடாய் பிழைத்துவிடும். மத்தியானம் தாண்டியும் அது தன் பாட்டுக்குப் புல் மேயும்.

ஆனால் அந்த வாக்கியம் லயத்தோடு நிற்காது. அம்மா அழுவாள், அப்பா கோச்சுக்குப் போன் போடுவார். சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை ஜெயித்தால் பாங்கொக்கில் ஒரு வருட ஒப்பந்தம். கண் உடைந்து, திரும்பவும் வந்து, கடைசி வாரத்தில் பின்வாங்கியவளை அதன்பிறகு யார் கூப்பிடுவார்கள்? மலைநாட்டுப் பிள்ளை, இலைதழை தின்கிறவள், எலும்பில் சத்தில்லை. அவர்கள் சொல்லப்போவது எல்லாம் இப்போதே காதில் விழுந்தது.

ஒரு ஆடு. தான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இன்றைக்கு இந்த மலையில் எத்தனையோ ஆடு கோழி அடுப்பில் வேகும். தான் தின்னப்போவதில்லை. கத்தியைத் தொடப்போவதுமில்லை. நின்றால் போதும் என்றுதானே அம்மா சொன்னாள்.

நிற்பதும் ஒரு கையெழுத்துத்தானே என்று தோன்றியது. அந்த நினைப்பை அடக்க இன்னும் வேகமாகக் குத்தினாள்.

கட்டையில் கட்டியிருந்த கிடாய் அவளைப் பார்த்தது. மாலையின் ஒரு பூவை அது ஏற்கனவே தின்று முடித்திருந்தது.

*

முனியாண்டி சாமி தேயிலை ஃபெக்டரிக்கு மேலே, ஒற்றைச் சவுக்குமரத்தின் அடியில் இருக்கிறது. பெரிய கோயிலில் பலி நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே மட்டும் யாராவது நேர்ந்துகொண்டால், சத்தமில்லாமல், பத்துப் பதினைந்து பேரோடு முடித்துவிடுவார்கள்.

பகல் ஏறியும் மூடுபனி கலையவில்லை. பூசாரி அழகுமுத்து சூடம் கொளுத்தினார். பொங்கல் வைத்தார்கள். கிடாயைச் சூலத்துக்கு முன்னால் நிறுத்தி, செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் தெளித்தார்.

எல்லாரும் பார்த்தார்கள். கிடாய் அசையாமல் நின்றது.

"ஒடனே உத்தரவு குடுக்க மாட்டாரு. பொறுங்க" என்றார் அழகுமுத்து.

இரண்டாம் தடவை நிறையவே ஊற்றினார். தண்ணீர் வயிற்றுப் பக்கமாக வழிந்து மண்ணில் சொட்டியது. கிடாய் காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது.

"காது கணக்கில்ல" என்றார் யாரோ.

"எனக்குப் பசிக்குது. காதையும் கணக்குல சேருங்கப்பா" என்றார் இராமையா. இரண்டு பேர் சிரித்தார்கள். ஜீவராணி சிரிக்கவில்லை. சாமி ஏன் வாங்க மறுக்கிறது? தான் கேட்ட இரண்டாவதும் அதற்குக் கேட்டுவிட்டதோ?

அழகுமுத்து சுற்றிப் பார்த்தார். "யாருக்காக நேந்ததோ அவங்க ஊத்தணும். ஜெயா, வா தாயி."

செம்பு கைக்கு வந்தது. குளிர்ந்து கனத்தது. ஜெயந்தினி கிடாயின் முன்னால் போய் நின்றாள்.

ஊற்றுவதற்காகக் கண்ணைத் தாழ்த்தினாள். இரண்டு கிடாய் தெரிந்தது. இரண்டு நெற்றியில் இரண்டு குங்குமம். எதன்மேல் ஊற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வழக்கமாகச் செய்வதுபோலத் தலையைக் குனிந்து சரிசெய்துகொள்ளப் போனாள். கழுத்து பாதியில் நின்றுவிட்டது. இந்தக் குனிவைத்தான் டொக்டரிடம் செய்தாள், கோச்சிடம் செய்தாள். இப்போது இதனிடமும் செய்ய வேண்டும்.

செம்பைக் கீழே வைத்தாள்.

"அம்மா, கண்ணு சரியாகல."

"என்னாது?"

"கீழ பாத்தா ரெண்டாத் தெரியுது. ஒப்பரேஷனுக்குப் பொறகும் அப்படித்தான். இன்னும் சரியாகல."

 இராமையா சொன்னார்: "பொய். ஆட்டக் காப்பாத்தப் பொய் சொல்லுறா. எம்மகள எனக்குத் தெரியாதா?"

"ஆமா, ரெண்டாத் தெரியுறவளா மலையேறி ஓடுறா?" என்றாள் ஷாமிலா.

"முனி முன்னால நின்னு விளையாடப்படாது தாயி" என்றார் அழகுமுத்து.

ஜெயந்தினிக்கு முகம் சுட்டது. மாதக்கணக்காகப் பொய் சொன்னாள், எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோது ஒருவர்கூட நம்பவில்லை.

ஜீவராணி மட்டும் அருகில் வந்தாள். கண்டியில் டொக்டர் செய்ததை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மகளின் தாடையை ஒரு கையால் பிடித்து நிமிர்த்தினாள். மற்றக் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய, வெடித்த கை.

"தலையக் குனியாத. கண்ணால மட்டும் பாரு. இந்தக் கையில குத்து."

"அம்மா, வேணாம்."

"குத்துடி. எத்தனையோ பேர அடிச்சிருக்க. குத்து."

இரண்டு உள்ளங்கைகள் மிதந்தன. ஜெயந்தினியின் உடம்பு முழுவதும் ஒன்றைத்தான் விரும்பியது: அடி சரியாக விழ வேண்டும். அது பழக்கம், அது தொழில், அது அவளுடைய ஒரே கர்வம். குறி தப்பினால் சனிக்கிழமை இல்லை. விழுந்தால் கிடாய் இல்லை. வேண்டுமென்றே தப்பவிடலாம். ஒரு விரலளவு விலக்கினால் போதும்.

அப்படி விலக்க அவளால் முடியாது என்பது அந்த நொடியில் தெரிந்தது. விலக்கினால் அது இன்னொரு பொய். அதுவும் இந்தக் கையால்.

முழு மனதோடு குத்தினாள்.

முட்டி அம்மாவின் உள்ளங்கைக்குப் பக்கத்தால், வெறுமையைக் கிழித்துக்கொண்டு போனது. போன வேகத்தில் அவளே ஓரடி முன்னால் சரிந்தாள். ஜீவராணி தோளில் பிடித்து நிறுத்தினாள்.

இராமையா சால்வையைத் தலையிலிருந்து இறக்கினார்.

அப்போதுதான் கிடாய் தலையிலிருந்து வால் வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தண்ணீர் எல்லார் மேலும் தெறித்தது.

"உத்தரவு!" என்றார் அழகுமுத்து. கத்தியை எடுக்கலாமா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. "ஜீவராணி, சாமி குடுத்துருச்சே..."

ஜீவராணி கிடாயின் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"குடுத்தா சந்தோசம். நான் கேட்டது இன்னும் வரல. கண்ணு வரட்டும். வந்த அன்னைக்கு நானே கொண்டாறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் புல்லுத் திங்கட்டும்."

பொங்கலை மட்டும் பங்கு வைத்தார்கள். ஜெயந்தினி சவுக்குமரத்தில் சாய்ந்து நின்றாள். காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. இனிமேல் கண் தேறத் தேற அந்தக் கிடாயின் நாள் நெருங்கும். ஒவ்வொரு காலையிலும் கண் விழித்து, கீழே பார்த்து, எது தெரிய வேண்டும் என்று அவள் ஆசைப்படுவாள்?

அம்மா சனிக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்வாள், கத்துவாள், காலில்கூட விழுவாள் என்று ஜெயந்தினி காத்திருந்தாள். அவற்றுக்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். ஜீவராணியோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையில் இறங்க ஆரம்பித்திருந்தாள். கொஞ்சம் போய் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு ஒன் கோச்சோட கொழும்பு வேன் அட்டன் டவுனுக்கு எத்தன மணிக்கு வரும்?"

"விடியக்காலம் அஞ்சுக்கு. ஏம்மா?"

"இன்னும் ஒரு ஆளு உக்கார எடம் இருக்குமா?"

ஜெயந்தினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நேர்ப்பார்வையில் அது ஒன்றாகத்தான் தெரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

"எதுக்கும்மா வர்றீங்க?"

"எடம் இருக்குமா இல்லையா, அதச் சொல்லு" என்றாள் ஜீவராணி.